சம்மதத்துடன் ஒரு சொம்பு தண்ணீர்

சுதந்திரத்தைப் பற்றிப் பாடியவர்கள் உண்டு, பேசியவர்கள் உண்டு, அதற்காகச் சிறைக்குப் போனவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சுதந்திரத்தை ஒரே பக்கத்தில் அடக்கி, மூன்று நகல் எடுத்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறியும் போட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த பெருமை, உப்பு மேலாண்மை ஆணையத்தின் சம்மத அலுவலர் குணசீலன் ஒருவரையே சேரும்.

ஆணையம் பிறந்த கதை சுருக்கமானது. மக்களின் இரத்தக் கொதிப்பைக் குறைத்தே தீருவது என்று மேலே முடிவெடுத்தார்கள். மேலே என்றால் எவ்வளவு மேலே என்பது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருந்த ஆணைய அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. தலைக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராம் உப்பு, மாதக் கணக்குப்படி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் அது "மிகை உப்பு". மிகை உப்பை அரசு பறிமுதல் செய்யாது. சேச்சே, பறிமுதல் எல்லாம் சர்வாதிகாரிகள் செய்கிற வேலை! இங்கே அதற்குப் பெயர் "பாதுகாப்பில் எடுத்துக்கொள்ளுதல்". ரசீது உண்டு. இளஞ்சிவப்பு நிறம்.

சட்டத்தின் உயிர்நாடி அதன் ஏழாவது பிரிவு. "வீட்டுக்காரரின் மனமுவந்த சம்மதமின்றி எந்த அலுவலரும் வாசற்படியைத் தாண்டலாகாது." தனிமனித சுதந்திரத்துக்கு இதைவிடப் பெரிய காவல் இருக்க முடியுமா? இந்த ஒரு வரிக்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. மூன்றிலும் முந்திரி பக்கோடா கொடுத்தார்கள்.

குணசீலனுக்கு முன்னால் இருந்த சம்மத அலுவலர் விவரம் போதாதவர். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "உள்ளே வந்து உங்கள் உப்பை நிறுத்துப் பார்க்கலாமா? மறுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு" என்று மூச்சுவிடாமல் படித்தார். நூறு வீட்டில் தொண்ணூற்றேழு பேர் மறுத்துவிட்டார்கள். மீதி மூன்று வீட்டில் ஆள் இல்லை.

திட்ட இயக்குநர் சாரதாமணி அவசரக் கூட்டம் போட்டார்.

"சுதந்திரம் குடுத்தா மக்கள் ஏன் இப்படி அதைப் பயன்படுத்தறாங்க?" என்று வருந்தினார்.

அப்போது கடைசி நாற்காலியிலிருந்து எழுந்தவர்தான் குணசீலன். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். பிறந்த மண்ணைக் கரைத்துக் குடித்தவர்.

"கேக்கறதாலதானுங்க மேடம் மாட்டேங்கறாங்க. கேக்காம சும்மா வாசல்ல போய் நின்னாப் போதுமுங்க."

"நின்னா?"

"எங்க பக்கம் வாசல்ல ஒருத்தர் நின்னா, யாரு எவருன்னு கேக்கறதுக்கு முன்னால 'வாங்க'ன்னு சொல்லோணுமுங்க. சொல்லலீன்னா அது ஆயுசுக்கும் தீராத குத்தம். எங்க பெரியப்பன் ஒருத்தரு, ஒரு கல்யாணத்துல அவரை வாங்கன்னு சொல்லலீன்னு பதினாறு வருசம் அந்த ஊட்டு வாசல மிதிக்கலீங்க. கடேசீல அந்த ஊட்டுக்காரரு செத்ததுக்கும் ரோட்டுலயே நின்னு மாலையக் குடுத்துட்டுத் திரும்பிட்டாரு."

"அப்புறம்?"

"வாங்கன்னு சொன்ன கையோட ஒரு சொம்பு தண்ணி குடுப்பாங்க. குடிச்சு முடிச்சதுக்கப்பறந்தான் வந்த சோலி என்னன்னு கேப்பாங்க. அதுக்கு முன்னால கேட்டா மரியாத இல்லீங்க."

சாரதாமணி கண்ணாடியைக் கழற்றினார். "யாரும் கட்டாயப்படுத்தறது இல்லையே?"

"எதுக்குங்க கட்டாயம்? அதுவா வருதுங்க."

"மனமுவந்துதான் சொல்றாங்களா?"

"பகையாளி வந்தாலும் மனமுவந்துதானுங்க."

அன்று மாலையே வழிகாட்டு நெறிமுறை எண் பதினான்கு பிறந்தது. எழுதியவர் குணசீலன். "வாசலில் நிற்கும் அலுவலரை வீட்டார் 'வாங்க' என்றோ அதற்கிணையான சொல்லாலோ அழைத்து, குடிநீர் வழங்குவது, ஏழாம் பிரிவின்படி மனமுவந்த சம்மதமாகும். அலுவலர் அந்நீரை அருந்திய கணத்தில் சம்மதம் நிறைவுபெறும்."

அடேயப்பா, அதற்குப் பிறகு திட்டம் நடந்த வேகத்தைச் சொல்ல வேண்டுமே! குணசீலன் வெயிலில் போய் வாசலில் நிற்பார். துண்டால் நெற்றியைத் துடைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். உள்ளே இருந்து, "அட வாங்க வாங்க, வெய்யல்ல நிக்கறீங்களே, ஏனுங்க, ஒரு சொம்பு தண்ணி குடிங்க" என்று ஓடிவருவார்கள். அண்ணாந்து குடிப்பார். கைபேசியில் ஒரு தட்டு. உடனே ஜீப்பிலிருந்து உப்புமானியைத் தூக்கிக்கொண்டு தொழில்நுட்ப உதவியாளர் பயாஸும் இரண்டு பணியாளர்களும் இறங்குவார்கள். உப்பு ஜாடியில் கருவியின் குச்சியைச் செருகினால் பச்சை விளக்கு எரியும் அல்லது சிவப்பு விளக்கு எரியும். பச்சை எரிந்து யாரும் பார்த்ததில்லை.

நாளொன்றுக்கு முப்பத்தெட்டு வீடு. முப்பத்தெட்டு சொம்பு. நாட்டுக்காக இரத்தம் சிந்தியவர்களை வரலாறு எழுதி வைத்திருக்கிறது. நாட்டுக்காகச் சிறுநீரை அடக்கியவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை.

"சார், இது இருபத்தாறாவது சொம்பு. இன்னிக்குப் போதும் சார்" என்பான் பயாஸ். ஆத்தூர்க்காரன். உப்புமானியைப் பிடிக்கிற வேலைக்கு வேண்டாத அளவு மனச்சாட்சி உள்ளவன்.

"கடமை பயாஸ்."

"தண்ணி குடுத்தவங்க முகத்தைப் பாக்க முடியல சார். எனக்குத் தாகமா இருந்தாக்கூட இப்பல்லாம் கேக்கறது இல்ல."

குணசீலன் அதற்கெல்லாம் மசிகிறவரா? மூன்று மாதத்தில் சம்மத விகிதம் தொண்ணூற்றொன்பதைத் தொட்டது. இந்நேரத்தில் ஆணையம் மக்களின் இரத்த அழுத்தத்தையும் அளந்து பார்த்தது. பன்னிரண்டு புள்ளி கூடியிருந்தது. நிபுணர் குழு ஆராய்ந்து, மக்கள் உப்பை வேறெங்கோ ஒளித்து வைத்துத் தின்கிறார்கள் என்று கண்டுபிடித்தது. சோதனையை மாதம் இருமுறை ஆக்கினார்கள்.

குணசீலனுக்கு அப்போது சொந்த வாழ்விலும் ஒரு நல்ல காரியம் கூடி வந்தது. ஃபேர்லேண்ட்ஸை ஒட்டிப் புது வீடு கட்டி முடித்திருந்தார். ஆவணியில் வீடு புக நாள் குறித்தாயிற்று. பால் காய்ச்ச அவருடைய அக்கா ராமாயி வர வேண்டும். தாய் இல்லாமல் போன தம்பியை ஒன்பது வயதிலிருந்து வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். அதோடு அவர்கள் வழக்கத்தில், உடன்பிறந்தவள் நிறைகுடத்தோடு முதலில் நுழைந்து பால் காய்ச்சாமல் புது வீட்டுக்குள் அடுப்பு எரியக் கூடாது. அழைப்பிதழும் முதலில் அவளுக்குத்தான். அவளை அழைக்காமல் இன்னொரு வீட்டுப் படி ஏறினால், "பொறந்தவளக் கூப்புட்டாச்சா?" என்று கேட்டுத் தாம்பாளத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இதற்கிடையில் விஷயம் ஊர்களில் பரவிவிட்டது. தண்ணீர் கொடுத்தால் சம்மதம் என்று தெரிந்ததும் சிலர் கேட்டுக்கு வெளியே கையை நீட்டித் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள். உடனே, "கேட்டுக்கு மேலாக வழங்கப்படும் நீரும் நீரே" என்று நெறிமுறை 14(ஆ) வந்தது. பிறகு ஜனங்கள் வாசலில் ஆள் நிழல் தெரிந்தாலே வானத்தைப் பார்க்கப் பழகினார்கள். ஓர் ஊரில் ஆடி அழைப்புக்கு வந்த புது மாப்பிள்ளையை அலுவலர் என்று நினைத்து அரைமணி நேரம் வெயிலில் நிற்க விட்டுவிட்டார்கள். பையன் கோபித்துக்கொண்டு பைக்கைத் திருப்பிவிட்டான். இன்னோர் ஊரில் கேட்டிலேயே பலகை தொங்கியது: "இங்கு யாரையும் வாங்க என்று சொல்வதில்லை. மனம் வருந்த வேண்டாம்."

சம்மத விகிதம் சரிய ஆரம்பித்தது. மாதக் கடைசிக்குள் ஓர் ஊரையாவது நூறு சதவீதம் முடித்துக் காட்டினால் குணசீலனுக்குச் "சுதந்திரச் செம்மல்" விருது என்று சாரதாமணி சொல்லியிருந்தார். சின்னக்காட்டுவலசில் எல்லா வீடும் முடிந்து ஒரே ஒரு வீடு பாக்கி. அது ராமாயி அக்கா வீடு. தள்ளித் தள்ளிக் கடைசியில் வைத்திருந்தார்.

"சொந்தக்காரங்கன்னு சலுகையா?" என்று கோப்பில் இயக்குநர் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். அந்தக் கேள்விக்குறி குணசீலனைத் தூங்க விடவில்லை.

"சார், கூடப் பொறந்த அக்கா சார். முதல்ல நோட்டீஸ் குடுத்துட்டாவது போகலாம்" என்றான் பயாஸ், ஜீப்பை ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு.

"சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம் பயாஸ். நான் போய்க் கைபேசியத் தட்டுனதும் வாங்க."

அக்காவின் காதுக்கும் செய்தி வராமல் இல்லை. பக்கத்து வீட்டுச் சாலம்மாள் முதல் நாளே வந்து சொல்லியிருந்தாள். ராமாயி சீறிவிட்டாள். "எம் பொறந்தவன் வந்தா வான்னு சொல்றதுக்கு நா எவங்கிட்டடி கேக்கோணும்? எவனோ பண்றதுக்கு எந்தம்பிய ஏன் இழுக்கற?"

குணசீலன் வாசலில் நின்றார். நெற்றியைக்கூடத் துடைக்கவில்லை, அதற்குள் அவள் பார்த்துவிட்டாள்.

"வாடா சாமி, வா! இப்பிடி எளச்சுப் போயிட்டயே! உம் பொண்டாட்டி நர்மதா வரலியா? உள்ள வாடா, ஏன் மூணாம் மனுசனாட்ட நிக்கற?"

சொம்பு வந்தது. அவர் வளர்ந்த வீட்டின் சொம்பு. விளிம்பில் ஒரு நெளிசல் உண்டு. சின்ன வயதில் அவர் கிணற்றடியில் போட்டு நெளித்தது. பொய் சொல்வானேன், குணசீலனின் கட்டைவிரல் ஒரு நொடி அந்த நெளிசலில் போய் நின்றது. ஆனால் நாடா நெளிசலா என்று வந்தால் நாடுதான். அண்ணாந்து குடித்தார். கைபேசியைத் தட்டினார்.

ஜீப் வந்து நின்றது. பயாஸும் பணியாளர்களும் இறங்கினார்கள். ராமாயிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"உங்கூட வந்தவங்களா? வாங்க சாமி, வாங்க. நீங்களும் தண்ணி குடிங்க."

மூன்று பேருக்கும் மூன்று சொம்பு. ஒரே வீட்டில் நான்கு சம்மதம்! ஆணையத்தின் வரலாற்றில் இது அதற்கு முன் நடந்ததில்லை. பயாஸ் மட்டும் குடிக்கவில்லை. சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். அதனால் சம்மதம் மூன்றாகக் குறைந்தது.

சமையலறையில் மூன்று ஜாடி இருந்தது. கல்லுப்பு ஒன்று, மாங்காய் ஒன்று, நார்த்தங்காய் ஒன்று. மூன்றிலும் சிவப்பு எரிந்தது. ராமாயியின் கணவர் வெள்ளியங்கிரி களத்திலிருந்து வந்து கதவோரம் நின்றார்.

படிவத்தில் யாருக்காக என்று எழுத வேண்டிய ஒன்பதாம் கட்டம் காலியாக இருந்தது. "இந்த நார்த்தங்காய் யாருக்குக்கா?" என்று கேட்டார் குணசீலன்.

"உனக்குத்தாண்டா. ஊடு புகற அன்னிக்கு எலையில ஊறுகா வெக்கோணுமில்ல? கடையில வாங்குனா நல்லாருக்காதுன்னு ரெண்டு மாசமா வெய்யல்ல வெச்சு வெச்சு எடுத்தேன்."

குணசீலன் நடுநிலை தவறவில்லை. "மிகை உப்பு. பயனாளி: அலுவலர்" என்று எழுதினார். பணியாளர்கள் ஜாடிகளைத் தூக்கினார்கள். அவர் மூன்று நகலையும் நீட்டினார்.

"கையெழுத்துப் போடுங்க்கா. இந்த எடத்துல."

ராமாயி பெருக்கல் குறியைப் பார்த்தாள். "இது எதுக்குடா?"

"சோதனைக்கு நீங்க சம்மதிச்சதுக்குங்க."

"நா எப்படா சம்மதிச்சேன்?"

"தண்ணி குடுத்தீங்கல்லக்கா."

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. சாலம்மாள் சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அது... நீ குடிக்கறதுக்குத்தாண்டா குடுத்தேன்" என்றாள்.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். சொம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்க் கிணற்றடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

சின்னக்காட்டுவலசு நூறு சதவீதம்! விருது விழாவில் சாரதாமணி தழுதழுத்தார். "அக்கா என்றும் பாராமல் அக்காவின் சுதந்திரத்தை மதித்து, அவருடைய சம்மதத்தை முறைப்படி பெற்ற மாமனிதர்" என்று பாராட்டு மடலில் இருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். கேடயத்தில், ஒரு கதவும் அதில் பெரிய பூட்டும். பூட்டு சுதந்திரத்தின் சின்னமாம்.

வீடு புகப் பத்து நாள் இருந்தபோது குணசீலனும் மனைவி நர்மதாவும் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், புடவை, அழைப்பிதழ் எல்லாம் எடுத்துக்கொண்டு சின்னக்காட்டுவலசுக்குப் போனார்கள். காரின் பின் இருக்கையில் மற்ற சொந்தங்களுக்கான இருநூற்றைம்பது அழைப்பிதழ்கள் காத்திருந்தன.

ராமாயியும் வெள்ளியங்கிரியும் வேப்பமர நிழலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டின் கொக்கிச் சத்தத்துக்கு இருவரும் நிமிர்ந்தார்கள். பார்த்தார்கள். மறுபடியும் உரித்தார்கள்.

குணசீலன் நின்றார். எத்தனை வாசலில் நின்றவர்! எவ்வளவு நேரத்தில் "வாங்க" வரும் என்று அவருக்கு நொடிக் கணக்காகத் தெரியும். அந்த நொடி வந்தது, போயிற்று.

"அக்கா."

ராமாயி மடியிலிருந்த கடலைத் தோலைத் தட்டிவிட்டாள்.

"நாந்தாங்க்கா. குணா."

"தெரியுதுங்க" என்றாள் ராமாயி.

அந்த ஒரு "ங்க" அவர் நெஞ்சில் போய்க் குத்தியது. அடித்தபோதும் "டா", ஊட்டியபோதும் "டா", வேலை கிடைத்து வந்து காலில் விழுந்தபோதும் "நல்லாருடா". அந்த வாய்.

"ஊடு புகறதுக்கு அழைக்க வந்தமுங்க்கா. வர்ற வாரத்துக்கு அடுத்த புதங்கெழம. நீங்க வந்துதான் பால் காச்சோணும்."

"பத்திரிகைய அந்தக் கேட்டுலயே சொருகிட்டுப் போங்க. படிச்சுப் பாத்துக்கறோம்."

"மச்சான், நீங்களாச்சும் ஒரு வார்த்த சொல்லுங்க."

வெள்ளியங்கிரி ஒரு கடலையை உடைத்தார். "எனக்கு ரத்தக் கொதிப்புங்க மாப்பள. அதிகம் பேசக்கூடாதாம்."

நர்மதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "அண்ணி, எனக்காகவாச்சும் உள்ள வரச் சொல்லுங்க. அழைக்காம நாங்க எப்பிடித் திரும்பிப் போறது?"

"உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு. உன்னைய வான்னு சொன்னா அவரும் கூட வருவாரு. அவரு வந்தா பொறத்தால ஜீப்பு வரும். அதாங் கண்ணு யோசன."

வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. குணசீலனுக்கு நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. அந்தப் பக்கத்தில் பிறந்த எவனும் ஒரு வீட்டு வாசலில் கேட்டிராததை அவர் கேட்டார்.

"அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க்கா."

ராமாயியின் கை நின்றது. எழுந்து உள்ளே போனாள். நெளிந்த சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு கேட்டு வரைக்கும் வந்தாள். குணசீலனுக்கு உயிர் வந்தது. இரண்டு கையையும் நீட்டினார். அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"இத நா இப்பக் குடுத்தா, நீங்க அத என்னன்னு எழுதுவீங்க?"

குணசீலன் வாயைத் திறந்தார். பொய் வரவில்லை. 14(ஆ) அவரே எழுதியது.

"சம்மதம்னுதாங்க்கா."

"அப்பிடின்னா வேண்டாமுங்க."

தண்ணீரைக் கேட்டோரம் இருந்த செம்பருத்திக்கு ஊற்றிவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஏழாம் பிரிவின்படி இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்டுக்காரர் மனமுவந்து மறுத்தார். அலுவலர் வாசற்படியைத் தாண்டவில்லை. சாரதாமணிக்குக் கேள்விப்பட்டதும் பெருமிதம் தாங்கவில்லை. "பாத்தீங்களா, நம்ம திட்டத்துல மறுக்கவே முடியாதுன்னு பேசுனாங்களே!" என்று ஆண்டறிக்கையில் ஒரு தனிப் பத்தி சேர்த்தார். "சின்னக்காட்டுவலசில் தனிமனித சுதந்திரம் பற்றிய விழிப்புணர்வு முழுமை பெற்றுள்ளது. வாசலில் நிற்பவர் யாராயினும் மக்கள் உள்ளே அழைப்பதில்லை." கீழே கையொப்பம், குணசீலன், சம்மத அலுவலர்.

புது வீட்டில் நர்மதாவே பால் காய்ச்சினாள். அலுவலகத்திலிருந்து நான்கு பேர் வந்தார்கள். குணசீலன் காலையிலிருந்து மதியம் வரை வாசலில் நின்று, தெருவில் போகிறவர்களை எல்லாம் "வாங்க, வாங்க" என்றார். தெருவே அவரைச் சந்தேகமாகப் பார்த்தது. பயாஸ் மட்டும் கையை நீட்டி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, ராஜினாமாக் கடிதத்தையும் கொடுத்துவிட்டு ஆத்தூர் பஸ் ஏறினான்.

தை மாதம் மேலே மறுபடி முடிவெடுத்தார்கள். ஐந்து கிராம் என்பது தட்டச்சுப் பிழையாம். திட்டம் கைவிடப்பட்டது. அரசாங்கம் நாணயம் தவறவில்லை. ரசீதைக் காட்டியவர்களுக்கெல்லாம் ஜாடிகளைத் திருப்பிக் கொடுத்தது. ராமாயியின் மூன்று ஜாடியும், எடை ஒரு கிராம் குறையாமல், அவள் கேட்டுக்கு வெளியே இறக்கி வைக்கப்பட்டன. இறக்கி வைத்த பணியாளர் சற்று நேரம் வெயிலில் நின்றார். யாரும் "வாங்க" என்று சொல்லவில்லை. ஜீப்புக்குத் திரும்பினார்.

உப்பு முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது என்று ஊரார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். வேறொன்று வரவில்லை என்று சாலம்மாள் மட்டும் அலுவலகம் வரை போய் முறையிட்டாள். அது ரசீதில் இல்லை. ரசீதில் இல்லாததைத் திருப்பிக் கொடுக்க விதியில் இடமில்லை என்று குணசீலன் பணிவோடு விளக்கி, "உள்ளே வாங்க, ஒரு டம்ளர் தண்ணி குடிங்க" என்றார். சாலம்மாள் பயந்து, படியிறங்கி ஓடிவிட்டாள்.